வெள்ளிக்கிழமை பிறக்கவேண்டிய பிள்ளை

என் மகன் ஆவணியில் பிறந்தான். ஐப்பசிக் கடைசியில்தான் பிறந்திருக்க வேண்டும். அவசரக்காரன் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் அவசரப்பட்டதில்லை. என் கணவர் சீனன்குடாவில் வேலை செய்கிறவர். காலையில் பஸ் சந்திக்கு வந்து ஹோர்ன் அடித்த பிறகுதான் சப்பாத்தைத் தேடுவார்.

நான் வீட்டில் தையல் மெஷின் வைத்துச் சட்டை தைக்கிறவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டுப்போயிற்று. மிச்சத்தைப் படித்தது அளவெடுக்கும்போது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற மனுஷி பொய் சொல்லமாட்டாள். ஏனென்று தெரியாது. கையை இறக்கினதும் பழையபடி சொல்லத் தொடங்குவாள். சனங்கள் சொல்லுகிறதைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். அதனால் எங்கள் வீட்டு வாசல் படலை பகலில் மூடினதில்லை. படலை மூடினால் எனக்குத் தொழிலும் இல்லை, கதையும் இல்லை.

பிள்ளையை முதலில் பார்த்தது கண்ணாடிப் பெட்டிக்குள். என் மெஷினின் கால்மிதி அவனைவிடப் பாரம். வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு சிவப்பு வெளிச்சம். நெஞ்சு மெஷின் சொன்னபடி ஏறி இறங்கியது.

பிள்ளைகளைப் பார்க்கிற டொக்டர் தெற்குப் பக்கத்துச் சிங்களவர். தமிழை இங்கே வந்து பழகினவர். எதையும் நேராகத்தான் சொல்லுவார். சுற்றிவளைத்துச் சொல்லுகிற அளவுக்கு அவரிடம் தமிழ் இருக்கவில்லை.

“அம்மா, இவருக்கு நெஞ்சுக்குள்ள காத்துப் பை இன்னும் செய்து முடியேல்ல. உள்ளுக்கு ஒட்டும். ஒட்டாம இருக்க மருந்து விட்டிருக்கு. மெஷின் மூச்சுக் குடுக்கும். பிறகு பாப்பம்.”

எனக்கு விளங்கியது. நனைந்த பொலித்தீன் பையின் வாயைப் பிரிக்கப் படுகிற பாட்டை அவன் ஒவ்வொரு மூச்சுக்கும் பட்டுக்கொண்டிருந்தான்.

கை கழுவுகிறது எப்படி என்று நான் அங்கேதான் படித்தேன். அதுவரை நான் செய்தது கையை நனைத்தது. விரலிடுக்கு, நகக்கண், பெருவிரலைச் சுற்றி, மணிக்கட்டு. காப்பும் மோதிரமும் வீட்டிலேயே. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன என் விரலைத் தாதி திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்குள்ள என்னென்ன குடியிருக்கோ” என்றார். திரும்பவும் கழுவினேன்.

தாய்மாருக்கு ஓர் அறை இருந்தது. அதில் இருந்து பால் எடுத்துக் கொடுப்போம். தாதிமார் அதைக் குழாய் வழியாகப் பிள்ளைக்கு விடுவார்கள். என் பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா ஊரில் இருந்து வந்த தாய் ஒருத்தி. அவளுடைய மகளும் கண்ணாடிப் பெட்டியில்தான். முதல் நாள் என்னிடம் அவள் கதைத்தது இவ்வளவுதான்: “மாடும் நாமளும் ஒண்டுதான் புள்ள. மாட்டுக்கு மட்டும் புல்லு குடுப்பாங்க.” அவள் ஆஸ்பத்திரிச் சோற்றைப் பற்றிச் சொன்னாள்.

முதல் கிழமை நன்றாகப் போயிற்று. வாயில் இருந்த குழாயை எடுத்துவிட்டு மூக்கில் மட்டும் காற்று வைத்தார்கள். என் கணவர் தெரு முழுக்க அதைச் சொன்னார். சொல்லி முடித்த கையோடு, அடுத்த கிழமை ஒரு காலை நான் பாலோடு போனபோது, பிள்ளையின் நிறம் சாம்பலாக இருந்தது. விட்ட பால் வயிற்றிலேயே நின்றது. மூச்சு விடுவதை இடைக்கிடை மறந்துபோனான். தாதி காலில் ஒரு தட்டுத் தட்டுவார். ஞாபகம் வந்தவன் போல ஒரு மூச்சு எடுப்பான்.

“இரத்தத்தில கிருமி,” என்றார் டொக்டர். “இந்தக் கிருமி உங்கட தோலில இருக்கு, என்ர தோலில இருக்கு. எங்களுக்கு ஒண்டும் செய்யாது. இவர் இன்னும் வாசலுக்குக் கதவு போடேல்ல. உள்ளுக்கு வந்திட்டுது.”

குழாய் திரும்பவும் வாய்க்குள் போனது. மருந்து ஏறியது. ஒரு மருந்துக்குக் கேட்கவில்லை என்று இன்னொன்றை மாற்றினார்கள். டொக்டர் வரும்போது அவருடைய முகத்தைப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை என்று கிண்ணியாத் தாய் சொன்னாள். “சப்பாத்தப் பாரு. நல்ல கதையெண்டா மெதுவா வருவாங்க.” நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனநாள் வேகமாக வந்தது. பிறகு ஒருநாள் மெதுவாக வந்தது.

கிருமி போய்விட்டது. நெஞ்சில் தழும்பு நின்றுவிட்டது. மெஷினின் காற்றும் கிருமியும் சேர்ந்து பிஞ்சு நெஞ்சைப் புண்ணாக்கிவிட்டன என்றும், இனிக் கனநாளைக்கு ஒட்சிசன் வேண்டும் என்றும் டொக்டர் சொன்னார்.

“தைச்சதைப் பிரிச்சுத் திரும்பத் தைச்ச துணி மாதிரியே, டொக்டர்?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். “ஓம். இழுத்தா அதிலதான் கிழியும். வளர வளரப் புதுத் துணி வரும். அது வரைக்கும் இழுக்காம இருக்கணும்.”

இதற்கிடையில் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் வந்து போயிற்று. எங்கள் ஆட்களில், பிள்ளை பிறந்த வீட்டுக்கும் ஆள் செத்த வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகமாட்டார்கள். விரதம் பிடிக்கிறவர்கள் அந்த வீட்டுப் படலையைத் தாண்டமாட்டார்கள். கடைசி நாள் ஐயர் வந்து தண்ணீர் தெளித்து, பிள்ளைக்கு மொட்டை வழித்து, சொந்தம் எல்லாம் கூடிச் சாப்பிட்டுத் துடக்கைக் கழிப்பார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் என் மச்சாளின் கையில். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. கலியாணம் கட்டவில்லை. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அடுத்த வளவில் தனியே இருக்கிறார். நாள், நட்சத்திரம், திவசம், துடக்கு எதையும் அவர் கந்தோரில் முத்திரை குத்தினது போலவே செய்வார். சரியான இடத்தில், ஓங்கி.

“பிள்ளை வீட்டை வராமல் என்னத்தைக் கழிக்கிறது?” என்று அவர் சொல்லிவிட்டார். கழிவு நடக்கவில்லை. ஆனால் நாட்கள் தாண்டினபடியால், துடக்கு தன்பாட்டில் போய்விட்டது என்று தெரு முடிவு செய்துகொண்டது.

மழை தொடங்கின கிழமை பிள்ளை ஒட்சிசன் இல்லாமல் வீட்டுக்கு வந்தான். டொக்டர் சொல்லி அனுப்பியது மூன்று: ஆட்கள் வேண்டாம், புகை வேண்டாம், கை கழுவ வேண்டும். புகை சுலபமாக நின்றது. நுளம்புத்திரியைத் தூக்கி எறிந்தோம். சாம்பிராணியை மச்சாளே கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்தார். “சாமி புகை இல்லாமலும் இருப்பார். உவன் இருக்கமாட்டான்” என்றார்.

ஆட்கள்தான் நிற்கவில்லை. என் கணவர் ஒரு மட்டையில் ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதிப் படலையில் கட்டினார். அவருடைய வேலையிடத்தில் தொங்குகிற பலகையின் வாசகம். அங்கே பலகைக்குப் பக்கத்தில் துவக்கோடு ஒரு காவல்காரர் நிற்பார். இங்கே எங்கள் பூனை நின்றது. சனங்கள் மட்டையை வாசித்தார்கள். வாசித்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

“நாங்கள் என்ன பார்வையாளரே? சொந்தக்காரர்.”

பிள்ளைக்குக் கிருமி தொற்றிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். என் கணவரின் பக்கத்து உறவு ஒருவர் எழும்பி நின்றார். “அப்ப நாங்கள் கிருமி எண்டுறாய்.” போகிற வழியில் நாலு வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டு போனார். அதனால் அடுத்த நாள் நாலு வீட்டுக்காரரும் தாங்கள் கிருமியோ என்று பார்க்க வந்தார்கள்.

எதிர்வீட்டு அன்ரி வேதக்காரர், கத்தோலிக்கர். மாரிமழை வந்தால் அவருக்கு இருமல் வரும். மாரி போனால் போகும். “இது தொத்துற இருமல் இல்லைப் பிள்ளை, கடற்காத்து இருமல்” என்று சொல்லிக்கொண்டு தொட்டிலுக்குள் குனிந்தார். அவரில் இருந்துதான் வந்தது என்று சொல்லமாட்டேன். அந்தக் கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் மூக்கு உறிஞ்சாதவர் பூனை மட்டும்தான்.

முதலில் மூக்கடைத்தது. பால் குடிக்க இளைத்தான். அடுத்த நாள், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்தது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடு மாதிரி. மழைக்குள் த்ரீவீலரில் கொண்டு ஓடினோம். திரும்பவும் ஒட்சிசன். இந்த முறை கிண்ணியாத் தாய் இல்லை. அவள் மகளோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

தேறினான். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாள் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்.

“இந்த முறை ஒட்சிசனோட முடிஞ்சுது. இன்னொரு முறை நெஞ்சுக்குள்ள போனா மெஷின். மெஷினுக்குப் போனா, திரும்பி வருவார் எண்டு நான் சொல்லமாட்டன். மழை முடியும் வரைக்கும் வீட்டுக்கு ஒருத்தரும் வேணாம். தை மாசம் கொண்டுவாங்க.”

என் கணவர் எதையும் கேட்டுத் தெளிகிறவர். “ரெண்டு மாசம் தாண்டிட்டுது டொக்டர். இன்னும் ஏன் இப்பிடி?”

“நீங்க பிறந்த நாளில இருந்து எண்ணுறீங்க. நான் பிறக்கவேண்டின நாளில இருந்து எண்ணுவன். என்ர கணக்கில இவர் வாற வெள்ளிக்கிழமைதான் பிறக்கிறார்.”

வீட்டுக்கு வந்தோம். மச்சாள் படலையில் குடையோடு நின்றார். அவருக்குப் பின்னால் மழைக்குள்ளே இரண்டு பேர், பிள்ளையைப் பார்க்க.

“என்ன சொன்னவர் டொக்டர்?”

என் கணவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லுகிறவர். “பிள்ளை வாற வெள்ளிக்கிழமைதான் பிறக்குமாம்.”

நான் துவாய்க்குள் சுற்றிப் பிடித்திருந்த பிள்ளை கொட்டாவி விட்டான். மச்சாள் அவனைப் பார்த்தார். பின்னால் நின்ற இரண்டு பேரையும் பார்த்தார். கந்தோரில் முத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடம் பார்க்கிற நேரம் எவ்வளவோ, அவ்வளவு நேரம்.

“அப்ப துடக்கு வெள்ளிக்கிழமையில இருந்து,” என்றார்.

அந்த இரண்டு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். கந்தசஷ்டிக்கு விரதம் பிடிக்க இருந்தவர்கள்.

அதன் பிறகு எங்கள் படலை மூடினது. மச்சாள் ஒரு கதிரையைக் கொண்டுவந்து படலைக்கு உள்ளே போட்டுக்கொண்டார். மழை என்றால் குடை, வெயில் என்றாலும் அதே குடை.

“பிள்ளை பிறந்து கனகாலமெல்லே?” என்று யாராவது கேட்பார்கள்.

“ஆர் சொன்னது? வெள்ளிக்கிழமை பிறந்தவன்.”

“நான் ஆவணியில வந்து ஆஸ்பத்திரியில...”

“நீங்கள் பாத்தது முந்தி. டொக்டரைக் கேளுங்கோ.”

ஒருவரும் டொக்டரைக் கேட்கவில்லை. டொக்டரையும் சாஸ்திரத்தையும் சேர்த்து ஒரே வாயால் சொன்னால் எங்கள் ஊரில் எதிர்க்கதை கிடையாது. ஒருவருக்கும் கோபமும் இல்லை. “ஓமோம், துடக்கெண்டால் வரேலாதுதான்” என்று தலையை ஆட்டிவிட்டு, கொண்டுவந்த பழத்தைப் படலையில் கொளுவிவிட்டுப் போனார்கள். நாங்கள் கிருமியோ என்று எழும்பிப் போன உறவுக்காரர்கூட வந்து, தெருவில் நின்றபடி, “இப்பதான் முறையாகச் செய்யிறியள்” என்றார்.

எதிர்வீட்டு அன்ரி மட்டும் சட்டம் படித்தவர் மாதிரி வந்தார். “எங்கட வேதத்தில உந்தத் துடக்கு இல்லையே. நான் வரலாம்தானே?”

“உங்களுக்கு இல்லை, எங்களுக்கு இருக்கு,” என்றார் மச்சாள். “நீங்கள் உள்ளுக்க வந்தால் எங்கட துடக்கு உங்களோட உங்கட வீட்டை வரும். நத்தார்ப் பெருநாள் வருது. யோசியுங்கோ.”

அன்ரி யோசித்தார். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் சரியாக வந்திருக்கவேண்டும். இருமிக்கொண்டு திரும்பிப் போனார்.

நான் மெஷினை முன் விறாந்தைக்கு இழுத்து வைத்தேன். துணித்தூள் பிள்ளையின் பக்கம் போகக்கூடாது. தைக்கக் கொடுக்கிறவர்கள் துணியையும் பழைய அளவுச் சட்டையையும் பையில் போட்டுப் படலையால் நீட்டுவார்கள். மச்சாள் வாங்கி விறாந்தைப் படியில் வைப்பார். நான் எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டுத் தைப்பேன். அளவெடுக்கிற கதை நின்றுபோனது. கை விரிக்காத சனங்கள் படலைக்கு வெளியே நின்று சொன்னதெல்லாம் சாமான் விலையும் மழையும்தான். எனக்கு அந்த மாரி முழுக்க ஒரு நல்ல கதைகூடக் கிடைக்கவில்லை.

மச்சாளுக்குப் போனது அதைவிடப் பெரிது. துடக்கு எங்களுக்கென்றால் தம்பியோடு கூடப்பிறந்த அவருக்கும்தான். கந்தோரில் சேர்ந்த காலத்திலிருந்து விடாமல் பிடித்த விநாயகர் பெருங்கதை விரதத்தை அந்த வருஷம் அவர் பிடிக்கவில்லை. கோயில் மணி கேட்டால் எழும்பி நிற்பார். நின்றுவிட்டுப் பழையபடி கதிரையில் இருப்பார். ஒருநாள் அவருக்கே தும்மல் வந்தது. கதிரையைத் தூக்கிப் படலைக்கு வெளியே போட்டுக்கொண்டார். தும்மல் நிற்கும்வரை வெளியில்தான் இருந்தார்.

பிள்ளை மெதுவாகக் கொழுத்தான். தொடையில் ஒரு மடிப்பு வந்தது. நான் அதை நாளுக்கு நாலு தரம் பார்ப்பேன்.

மார்கழி கிட்ட வந்தது. அந்த முப்பத்தொன்றும் முடியப்போகிறது. மழை முடியவில்லை. தெருவில் எந்த வீட்டைத் தாண்டினாலும் உள்ளே ஒருவர் இருமுவார். சொந்தக்காரர் தொலைபேசியில் கேட்கத் தொடங்கினார்கள். கழிவுக்கு எத்தனை பேர், மொட்டைக்கு ஆரைச் சொன்னனீங்கள், ஐயர் எத்தனை மணிக்கு. இலங்கைத்துறையில் இருக்கிற சொந்தம் ஒரு வான் பிடித்து வருவதாகச் சொன்னார்கள். மீனோடு வருவார்களாம். பிள்ளையை மாறி மாறித் தூக்கவேண்டும் என்று இப்போதே வரிசை வைத்திருக்கிறார்களாம்.

நான் படிக்கட்டில் போய் இருந்தேன். “மச்சாள், இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடேலாதே?”

“ஏலாது.”

“தை வரைக்கும்தானே.”

“பிள்ளை, ஒருக்கா டொக்டரின்ர கணக்கை எடுத்தாச்சு. பிள்ளையின்ர கணக்கு அது, பொய்யில்லை. இனி எடுக்க ஆரின்ர கணக்கும் இல்லை. நானாக ஒண்டைச் சொன்னால் அது துடக்கில்லை, பொய்.”

என் கணவர், திரும்பவும் மட்டையைக் கட்டுவோமா என்று கேட்டார். பூனை அவரைப் பார்த்தது.

அந்த வானில் எத்தனை பேர், அதில் எத்தனை மூக்கு என்று நான் மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். டொக்டர் சொன்னதைப் பிள்ளையின் நெஞ்சில் கை வைக்கிற நேரமெல்லாம் கேட்டேன். திரும்பி வருவார் எண்டு நான் சொல்லமாட்டன்.

கழிவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கனடாவில் இருந்து தொலைபேசி வந்தது. என் கணவரின் சித்தப்பா, அவருடைய தகப்பனின் தம்பி, அங்கே மகனின் வீட்டில் செத்துப்போனார்.

இந்தச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மச்சாளின் வளவுக்கு அந்தப் பக்கத்து வளவு அவருடையது. மச்சாளின் தகப்பன் வருத்தமாகப் படுத்திருந்த நேரத்தில், சித்தப்பா நடுவேலியைப் பிரித்து, இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி அடைத்தார். மச்சாள் கேட்கப் போனபோது, தெருவே பார்த்திருக்க, “தனிக்கட்டைக்கு எதுக்கடி வளவு? ஒரு தபால்பெட்டி போதும்” என்றார். அன்றோடு முடிந்தது. “அவர் எங்கட ஆளில்லை” என்று மச்சாள் சொன்னார். சொன்னதைச் செய்தும் காட்டினார். சித்தப்பாவின் மனுஷி செத்தபோது துடக்குக் காக்கவில்லை. மறுநாளே குங்குமச் சிவப்பில் சேலை உடுத்து, சித்தப்பா வீட்டு வாசலால் நடந்து கோயிலுக்குப் போனார். கோயிலுக்கு அது சுற்றுவழி.

என் கணவர் செய்தி சொல்லப் போனார். மச்சாள் கதிரையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் மெஷினில் இருந்தபடி பார்த்தேன்.

“மோசம் போயிட்டாராம்.”

“ஆர்?”

“சித்தப்பா.”

மச்சாள் அடுத்த ஈர்க்கை எடுத்து உருவினார். “எனக்கென்ன.”

“சொல்லச் சொன்னவங்கள். சொன்னன்.”

“கேட்டாச்சு.”

உள்ளே பிள்ளை தும்மினான். மூன்று பேருக்கும் கேட்டது. நான் மெஷினை நிற்பாட்டினேன். இரண்டாவது தும்மல் வருமா என்று மூவரும் காத்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

மச்சாளின் கை ஈர்க்கிலேயே நின்றது. “தம்பி, இண்டையில இருந்து முப்பத்தொண்டு எண்ணினால் எங்க போய் நிக்கும்?”

என் கணவர் விரல் விட்டு எண்ணினார். அவசரமே இல்லாமல் எண்ணினார். “பொங்கலுக்குக் கிட்ட.”

மச்சாள் எழும்பினார். மடியில் இருந்த இலையை உதறினார். சுளகில் விழுந்தது கொஞ்சம், மழைத் தண்ணீரில் விழுந்தது மிச்சம்.

“உரித்தெண்டு ஒண்டு இருக்கு,” என்றார். “அப்பாவின்ர கூடப்பிறந்த தம்பி. துடக்கு எங்களுக்குத்தான். வானை வரவேண்டாம் எண்டு சொல்லு.”

ஆனால் செத்த துடக்கில் ஒரு தொல்லை இருக்கிறது. துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவார்கள். வராமல் இருப்பது மரியாதை இல்லை. அதையும் அவர் எழும்பின நேரத்துக்குள்ளேயே யோசித்துவிட்டிருக்க வேண்டும். “விசாரிக்க வாறவை என்ர வீட்டை வரட்டும். மூத்த பெறாமகள் நான், அண்ணன்ர பிள்ளை. உங்கட வீட்டை ஒருத்தரும் வரத் தேவையில்லை.”

படம் வேண்டியிருந்தது. சித்தப்பாவின் படம் மச்சாளிடம் இருந்தது, ஒரு குடும்பப் படத்தில். ஓரத்தில் நின்ற சித்தப்பாவை மட்டும் அவர் எப்போதோ பின்பக்கம் மடித்துவிட்டிருந்தார். மடிப்பை விரித்துக் கண்ணாடி போட்டு மேசையில் வைத்தார். மடிப்பு சித்தப்பாவின் தோளோடு மேலிருந்து கீழாக வெள்ளையாக ஓடியது. அதற்கு மேலே மாலை போட்டார். மாலை மடிப்பை மறைக்கவில்லை.

தெரு முழுக்க வந்தது. துக்கத்துக்கு மட்டும் என்று சொல்லமாட்டேன். வேலிக்கதை தெரிந்த யாவரும், மச்சாள் சித்தப்பாவுக்குத் துக்கம் இருக்கிற கண்காட்சியைப் பார்க்க வந்தார்கள். அவருடைய வீடு என் விறாந்தையில் இருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. நான் ஒரு சட்டைக் கைக்கு மேலே தைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாரியில் எனக்குக் கிடைத்த கதை அது ஒன்றுதான்.

எதிர்வீட்டு அன்ரி நத்தார் கேக்கோடு போனார். மச்சாளுக்கு முன்னால் இருந்து, படத்தைப் பார்த்து, இருமி முடித்தார்.

“நல்ல மனுஷன் என்ன?”

“ஓம்.”

“உங்களுக்கும் அவருக்கும் ஏதோ ஒரு சின்ன மனத்தாங்கல்...”

“வேலி அடைக்கிறதில அவரை மிஞ்ச ஆளில்லை,” என்றார் மச்சாள். “பாத்துப் பாத்து அடைப்பார்.”

“அதுதானே, ஒரு முழம்...”

“ஓம். தள்ளித்தான் அடைப்பார். ஆனால் இறுக்கமாக அடைப்பார். இண்டைக்கும் ஒரு வேலிக் கதியால் ஆடேல்லை. போய்ப் பாருங்கோ.”

அன்ரி விடுகிற ஆள் இல்லை. “அந்தத் தபால்பெட்டிக் கதை?”

நான் ஊசியைத் துணிக்குள் விட்டபடி இருந்தேன். அந்தக் கதையைத் தெருவில் ஒருவரும் மச்சாளின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

“அது பகிடி,” என்றார் மச்சாள். “அவருக்கு என்னில நல்ல விருப்பம். சின்னனில தோளில தூக்கிக்கொண்டு திரிஞ்சவர். பகிடியாகச் சொன்னதைச் சனம் பெருப்பிச்சுப்போட்டுது. கேக்குக்குத் தேத்தண்ணி ஊத்தட்டே?”

அன்ரி கேக்கை மறுநாள் எல்லோருக்கும் சொன்னார். அதாவது, கேக் கொண்டுபோன இடத்தில் கேட்டதை. அதன் பிறகு வந்தவர்களும் அதே கேள்வியைக் கேட்டார்கள், அதே பகிடியைக் கேட்டுக்கொண்டு போனார்கள். சொல்லச் சொல்ல மச்சாள் அதில் ஒன்றும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பின்னேரம் ஆட்கள் போனதும் வாசல் கிணற்றில் காலும் கையும் முகமும் கழுவிவிட்டு, வேறு சேலை மாற்றி, எங்கள் படலைக்கு வந்து கதிரையில் இருப்பார். உள்ளே வரமாட்டார். “எவ்வளவு சனத்தின்ர மூச்சுக்குள்ள இருந்தனான்” என்பார்.

தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது உண்மையா என்று ஒருநாள் படலைக்குள்ளே நின்று கேட்டேன்.

“ஓம்,” என்றார். “அதைத்தான் மன்னிக்கேலாமல் இருந்தது.”

குடையை நிமிர்த்திப் பிடித்தார். மழை பெய்தது.

பொங்கலோடு மழை விட்டது. அந்தியேட்டிக் கிரியையை மச்சாள் தன் வீட்டிலேயே சுருக்கமாகச் செய்து துடக்கைக் கழித்தார். ஐயர் எங்கள் வீட்டுக்கும் படலையில் நின்றபடி தண்ணீர் தெளித்தார். இரண்டு துடக்கும் ஒரே தெளிப்பில் போனது. அடுத்த நாள் பிள்ளையைக் கொண்டு மூன்று பேரும் கிளினிக்குக்குப் போனோம். மச்சாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார், நெற்றியில் திருநீறு காயவில்லை.

டொக்டர் காதில் மாட்டின குழாயின் முனையை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி நெஞ்சில் வைத்தார். முன்னால் கேட்டார், பின்னால் கேட்டார், கக்கத்துக்குக் கீழே கேட்டார். நான் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. பிள்ளை குழாயை எட்டிப் பிடித்தான்.

“நல்லம்,” என்றார். “நல்லாக் காத்துப் போகுது. புதுத் துணி வருது, அம்மா.”

நான் பிள்ளையின் தொடை மடிப்பை டொக்டருக்குக் காட்டினேன்.

“ஆனா அடுத்த மாரிக்கும் கவனம்.”

என் கணவர் கூரையைப் பார்த்தார். கனடாவில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறார் என்று விளங்கியது.

டொக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். “எல்லா அம்மாமாருக்கும் சொல்லுறன், வீட்டுக்கு ஆக்களை விடவேணாம் எண்டு. ஒருத்தருக்கும் ஏலாது. திரும்பி வாறாங்க. நீங்க என்ன செய்தீங்க?”

என் கணவர் வாயைத் திறந்தார். கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லுகிறவர். மச்சாள் முந்திவிட்டார்.

“எங்கட குடும்பத்தில ஒருத்தர் மோசம் போயிட்டார், டொக்டர். துடக்கு. அதால ஒருத்தரும் வரேல்லை.”

டொக்டர் பேனையை வைத்தார். “ஐயோ. கிட்டின சொந்தமா?”

பிள்ளையின் ஒரு கால்மேசு கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மச்சாள் போய்க் கையைக் கழுவினார். விரலிடுக்கு, நகக்கண், பெருவிரலைச் சுற்றி. வந்து அதை இழுத்துச் சரியாக மாட்டினார்.

“ஓம்,” என்றார். “கிட்டின சொந்தம்.”